முப்பத்தாறு பூட்டு விஷயமாக மாப்பிள்ளைக்கு

சிவமயம்

காரைக்குடி,
புரட்டாசி 10.

அன்பும் மரியாதையும் உரிய மாப்பிள்ளை கார்த்திகேயன் அவர்களுக்கு மாமனார் சத்தியமூர்த்தி எழுதுவது. பிள்ளையார் கிருபையில் இங்கே நானும் உங்கள் மாமியார் தேனம்மையும் நலமாக இருக்கிறோம். என் வலது கைக் கட்டைவிரல் ஒன்றுதான் நலமாக இல்லை, அதைப் பற்றிப் பின்னால் எழுதுகிறேன். சென்னையில் நீங்களும் சௌபர்ணிகாவும் நலமென்று நம்புகிறேன். நம்புகிறேன் என்றுதான் எழுத முடிகிறது. கல்யாணம் முடிந்த இந்த இருபத்தோரு நாளில் தங்களிடமிருந்து ஒரு போன்கூட வரவில்லை. நானாகச் செய்தால் மகள் எடுத்து, "நல்லா இருக்கேன் அப்பச்சி, அவுக வேலையா இருக்காக" என்று வைத்துவிடுகிறாள். அவள் அப்படிச் சட்டென்று வைக்கிறவள் அல்ல. உப்புமாவுக்கு உப்பு எவ்வளவு என்று கேட்கப் போன் செய்தால் அரை மணி நேரம் பேசுகிறவள்.

தங்கள் கோபத்தின் காரணம் எனக்குத் தெரியும். கல்யாணச் சாமானில் பழைய பொருளை வைத்துக் கொடுத்துவிட்டேன் என்று தங்கள் வீட்டில் பேச்சு. அந்த வீடியோ கேம் பெட்டி பழையது அல்ல. ஆனால் அதில் நடந்த தவறு என்னுடையதுதான். அதை ஒன்றுவிடாமல் எழுதிவிடுகிறேன், படித்துவிட்டு மன்னித்தீர்களானால் தலைதீபாவளிக்கு இருவருமாக வந்து எங்கள் முகத்தைக் காப்பாற்ற வேண்டும். மன்னிக்க முடியாவிட்டாலும் வந்துவிடுங்கள், கோபத்தை இங்கே வைத்துப் பேசிக்கொள்ளலாம். நீங்கள் வராத தீபாவளியை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

சாமான் பட்டியல் போட்ட அன்றே சௌபர்ணிகா சொன்னாள், "அவுகளுக்கு அந்தச் சண்டை கேமுன்னா உசுரு அப்பச்சி. எனக்கு வைரத் தோடு இல்லைன்னாலும் பரவால்ல, அதை வாங்கிக் குடுத்துருங்க." ஆனி மாதக் கடைசியில் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் கடை வைத்திருக்கும் பாசிலிடம் போனேன். இரண்டு பெண்பிள்ளைகளுக்குத் தகப்பன், நாணயமான ஆள். பெட்டி, இரண்டு கன்ட்ரோலர், அந்தச் சண்டை விளையாட்டு எல்லாம் எடுத்து வைத்தார். விளையாட்டின் பெயர் அன்றும் வாயில் நுழையவில்லை, இன்றும் நுழையவில்லை. நான் அதைச் 'சங்கமம்' என்றே சொல்லிவருகிறேன், இக்கடிதத்திலும் அப்படியே இருக்கட்டும். "இதுல என்ன விசேஷம்?" என்று கேட்டேன். "அண்ணே, ஒம்பது வேற வேற கேமுல இருக்க பெரிய ஆளுக எல்லாரும் இதுல ஒண்ணா வந்துருக்காக. வந்து ஒருத்தரை ஒருத்தர் அடிச்சுக்கிருவாக" என்றார். "எதுக்கு அடிச்சுக்கிறாக?" என்றேன். "அதெல்லாம் கேக்கக்கூடாதுண்ணே" என்றார். அப்போதே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

மாப்பிள்ளை, நான் மின்வாரியத்தில் முப்பத்தோரு வருஷம் மீட்டர் சோதனைப் பிரிவில் இருந்தவன். ஓட்டிப் பார்க்காத ஒரு பொருளை இன்னொருவர் வீட்டுக்கு அனுப்பினால் எனக்குத் தூக்கம் வராது. தங்களுக்கு வந்த மூன்று குக்கரும் எங்கள் அடுப்பில் விசில் அடித்துவிட்டுத்தான் வந்தன. கிரைண்டரில் இரண்டு படி அரிசி ஆட்டிப் பார்த்தேன். மிக்ஸியில் தேனம்மை வரமிளகாய்த் துவையல் அரைத்து, அது நான்கு நாள் எங்களுக்கு ஓடியது. இதையெல்லாம் கழுவித் துடைத்து டப்பாவில் போட்டால் புதுசுதானே? அந்த நினைப்பில்தான் கேம் பெட்டியையும் பிரித்து டிவியில் சொருகினேன். பத்து நிமிஷம், வேலை செய்கிறதா என்று மட்டும் பார்ப்பது என் உத்தேசம். சத்தியமாக அவ்வளவுதான் உத்தேசம்.

திரையில் நாற்பத்தெட்டுக் கட்டம் வந்தது. பன்னிரண்டில் மட்டும் ஆட்கள் நின்றார்கள். மீதி முப்பத்தாறிலும் கருப்பாக ஒரு நிழலும் அதன்மேல் ஒரு பூட்டும். ரிப்பேர் பெட்டி என்று நினைத்தேன். பெட்டியோடு பாசிலிடம் ஓடினேன். "ரிப்பேர் இல்லண்ணே, ஆட ஆடத்தான் ஒவ்வொரு ஆளாத் தொறக்கும்" என்றார். முழுப் பொருளை விற்றுவிட்டு முக்கால் பொருளைப் பூட்டிக் கொடுக்கிற வியாபாரத்தை நான் எங்கும் பார்த்ததில்லை. சங்கமத்தின் முதல் குறை இதுதான் என்று அன்று என் நோட்டில் குறித்தேன். வீட்டுக்கு வந்து தேனம்மையிடம் சொன்னபோது அவள் கேட்டாள், "பீரோவைக் குடுத்துட்டுச் சாவியைக் குடுக்கலைன்னா சம்பந்தி வீட்டுல என்ன நினைப்பாக?" நாங்கள் எதையும் குறைவைத்துக் கொடுத்து வழக்கமில்லை. பானைக்கு மூடி, மூடிக்குக் குமிழ் என்று கொடுக்கிற வீடு. முப்பத்தாறு பேரையும் திறந்து, குறைவில்லாமல் நாற்பத்தெட்டாக மாப்பிள்ளை கையில் கொடுப்பது என்று அன்று முடிவு செய்தோம். மாப்பிள்ளை, என் தவறு இதுதான். இதற்கு மேல் எழுதுவதெல்லாம் அந்தத் தவறு எப்படி வளர்ந்தது என்பது.

ஆடி மாதம் பிறந்தது. கல்யாண வேலை எதையும் ஆடியில் தொடக்கூடாது என்பதால் சாப்பாட்டுக்குப் பிறகு தினமும் சங்கமம். முதல் பத்து நாள் நான் தோற்றேன். ஒருவர் விடாமல் எல்லோரிடமும் தோற்றேன். தேனம்மை பக்கத்தில் உட்கார்ந்து ஆட்களுக்குப் பெயர் வைத்தாள், ஏனென்றால் அவர்கள் பேசும் இங்கிலீஷ் எங்களுக்கு எட்டவில்லை. வாள் வைத்திருப்பவனிடம் உறை இல்லை, அதனால் அவன் வாளுக்கு வேலி இல்லாதவன், சுருக்கமாக வேலியில்லாதவன். கையிலிருந்து ஐஸ் விடுகிறவள் பனிப்பெண். கார்ப் பந்தய விளையாட்டிலிருந்து வந்தவன் டயரைக் கழற்றி எறிவான், அவன் பஞ்சர்க்காரன். நெருப்பை விழுங்கித் துப்புகிற ஒருவன் வந்தபோது தேனம்மை கன்னத்தில் போட்டுக்கொண்டு, "நம்மாளுதான், பிள்ளையார் நோன்புக்கு எரியிற திரியோட மாவை முழுங்கி இழை எடுத்துப் பழகுனவன்" என்றாள். தோட்டம் போடுகிற விளையாட்டு ஒன்றிலிருந்து ஒரு விவசாயியும் வந்திருந்தான். மண்ணைத் தோண்டிப் பூசணிக்காயைப் பிடுங்கி எதிராளியின் தலையில் போடுவான். எனக்கு மிகவும் பிடித்தவன் அவன்தான்.

ஒன்பது விளையாட்டு என்று பாசில் சொன்னதை நாங்கள் நம் நகரத்தாரின் ஒன்பது கோயில் பிரிவுக் கணக்கில் எடுத்துக்கொண்டோம். ஒரே கோயிலைச் சேர்ந்தவர்கள் பங்காளிகள் ஆவதுபோல ஒரே விளையாட்டிலிருந்து வந்தவர்களும் பங்காளிகள். அதனால் வேலியில்லாதவனையும் அவன் விளையாட்டுக்காரர்களையும் மோதவிடத் தேனம்மை சம்மதிக்கவே இல்லை. "பங்காளிக கோர்ட்டுலதான் அடிச்சுக்கிருவாக, இப்படி நடுவீட்டுல கட்டிப் புரளமாட்டாக" என்று கன்ட்ரோலரைப் பிடுங்கிக்கொண்டாள். பனிப்பெண்ணும் பஞ்சர்க்காரனும் மோதும்போது அவளுக்கு வேறு கவலை. "ரெண்டும் வேற வேற கோயிலு. கட்டிக்கிற முறைதான். பேசி முடிக்கிறதை விட்டுட்டு எதுக்கு இந்தப் பாடுபடுத்துறாக?" என்பாள். சங்கமத்தின் கதையைப் பார்த்தால் அவள் கேட்டது நியாயம்தான். வானம் கிழிந்து ஒரு கல் விழுகிறது, ஒன்பது உலகத்தாரும் அந்தக் கல்லுக்காக அடித்துக்கொள்கிறார்கள், முடிவில் கல் உடைந்துவிடுகிறது, எல்லோரும் அவரவர் ஊருக்குப் போய்விடுகிறார்கள். இதை எழுதியவருக்கு ஒரு பஞ்சாயத்து எப்படி நடக்கும் என்பதே தெரியவில்லை.

குறைகள் இன்னும் உண்டு. ஒவ்வொருவருக்கும் பெரிய அடி ஒன்று இருக்கிறது. அதை அடித்தால் சண்டையை நிறுத்திவிட்டு இருபது விநாடி ஒரு படம் ஓடுகிறது. முதல் தடவை பார்க்கும்போது புல்லரிக்கும். முந்நூறாவது தடவை பார்க்கும்போது நான் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருவேன். பனிப்பெண் மூலையில் நின்றுகொண்டே உறையவைத்துவிடுகிறாள், கிட்டே போகவே முடியாது, அவளை எடுத்தவர்தான் ஜெயிப்பார். விவசாயி பூசணிக்காயைப் பிடுங்க மூன்று விநாடி எடுத்துக்கொள்கிறான், அதற்குள் வேலியில்லாதவன் ஒன்பது வெட்டு வெட்டிவிடுகிறான். விவசாயிக்கு அங்கேயும் நியாயம் இல்லை. இன்னொன்றைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. நான் இருபது நாள் பாடுபட்டுப் பழகிய வித்தையை, எந்தப் பொத்தான் எதற்கென்றே தெரியாத தேனம்மை எல்லாவற்றையும் கண்டபடி அமுக்கியே தோற்கடித்துவிடுவாள். உழைப்புக்கு மரியாதை இல்லாத விளையாட்டு அது.

ஆனாலும் மாப்பிள்ளை, மனசைத் தொட்டுச் சொல்கிறேன், தங்களுக்கு இது ஏன் உயிர் என்று எனக்குப் புரிந்துவிட்டது. எங்கெங்கோ தனித்தனி ராஜ்யம் நடத்தியவர்கள் ஒரே மேடையில் வந்து நிற்கும்போது, ஒருவரைப் போல இன்னொருவர் இல்லாமல், அவனவன் குணத்தோடு சண்டை போடும்போது, பூசணிக்காய் போய் விண்வெளிக் கவசத்தில் விழும் அந்தச் சத்தத்தைக் கேட்கும்போது வாய்விட்டுச் சிரிக்காமல் இருக்க முடியவில்லை. கல்யாண நாள் நெருங்க நெருங்க எனக்குள் ஒரு பயம் இருந்தது. மகள் போன பிறகு இந்த வீட்டில் நாங்கள் இருவர் என்ன பேசிக்கொள்ளப் போகிறோம் என்ற பயம். சங்கமம் வந்த பிறகுதான் நானும் தேனம்மையும் பல வருஷத்துக்குப் பிறகு ஒரே சோபாவில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். அதற்காக அந்தப் பெட்டிக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

இந்த இடத்தில் தங்கள் தாயார் சிகப்பி ஆச்சி அவர்கள் சம்பந்தமாக ஒன்றை விளக்கியாக வேண்டும். ஆவணி பிறந்ததும் ஒருநாள் பந்திக்கு எத்தனை இலை என்று கேட்க ஆச்சி போன் செய்தார்கள். அந்த நேரம் பார்த்துப் பனிப்பெண்ணை மூலையில் மடக்கியிருந்தேன். போன் தோளுக்கும் காதுக்கும் நடுவே இருந்தது, கண் திரையில் இருந்தது. ஆச்சி, "சம்பந்தி, எங்க பக்கம் கொஞ்சம் கூட வருவாக" என்று சொன்னதும் நான், "விடாத! தலையிலயே போடு!" என்று கத்திவிட்டேன். அந்தச் சொல் பனிப்பெண்ணுக்கு உரியது. ஆச்சிக்கு அல்ல. அன்றே சொல்லி மன்னிப்புக் கேட்டிருக்கலாம், ஆனால் கல்யாணத்துக்குப் பதினைந்து நாள் முன்னால் மாமனார் சண்டை கேம் ஆடுகிறார் என்று தெரிந்தால் கௌரவம் என்னாவது என்று "டிவி சத்தம்" என்று சொல்லிச் சமாளித்தேன். ஆச்சி நம்பவில்லை என்பது அவர்கள் போனை வைத்த விதத்திலேயே தெரிந்தது.

நாற்பத்தேழு பேர் திறந்தாயிற்று. கடைசி ஆளைத் திறக்க விவசாயியை வைத்துத் தொடர்ந்து பத்து ஆட்டம் ஜெயிக்க வேண்டும் என்று போட்டிருந்தது. ஒன்பது ஜெயித்துப் பத்தாவதில் தோற்றால் மறுபடி முதலிலிருந்து. கல்யாணத்துக்கு நான்கு நாள் இருந்தது, பந்தல்காரர் வெளியே நின்று கூப்பிடுகிறார், சமையல்காரர் பட்டியல் கேட்கிறார், நான் எட்டாவது ஆட்டத்தில் இருக்கிறேன். அன்றைக்குப் பத்தும் ஜெயித்தேன். பூட்டு உடைந்து நாற்பத்தெட்டாவது ஆள் வெளியே வந்தான், பார்த்தால் கையில் ஒன்றும் இல்லாத ஒரு கிழவர். தேனம்மை இனிப்பாகக் கவுனி அரிசி கிண்டிக் கொடுத்தாள். என் கட்டைவிரல் வீங்கிப்போயிற்று. கல்யாணப் போட்டோக்களில் எல்லாம் நான் கட்டுப்போட்ட விரலோடு நிற்பதற்கும், வந்தவர்களிடம் கதவிடுக்கில் நசுங்கியதாகச் சொன்னதற்கும் காரணம் இதுதான்.

கானாடுகாத்தானில் தங்கள் வீட்டு வளவு முற்றத்தில் மறுநாள் விருந்தன்று நடந்ததை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். சொந்தபந்தம் எல்லாம் உட்கார்ந்திருக்க, நீங்கள் ஆசையாகப் பெட்டியை எடுத்து டிவியில் சொருகினீர்கள். நான் தூணோரம் நின்று, நீங்கள் நாற்பத்தெட்டுப் பேரையும் பார்த்து மகிழ்வதைப் பார்க்கக் காத்திருந்தேன். நீங்கள் எழுந்து நின்று, "அட, எல்லாமே தொறந்துருக்கே! யாரோ ஆடியிருக்காக!" என்று கத்தினீர்கள். வளவே திரும்பிப் பார்த்தது. சிகப்பி ஆச்சி முகம் போன போக்கு எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. அந்த நிமிஷம் "நான்தான் மாப்பிள்ளை" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பந்தி போட்டாயிற்றா என்று பார்க்கிறவன் போலப் பின்கட்டுக்கு நழுவிவிட்டேன். அத்தனை பேர் நடுவில் பொத்தானை அமுக்கப் பயப்படாதவன் வாயைத் திறக்கப் பயந்துவிட்டேன். இதற்காகத்தான் முக்கியமாக மன்னிப்புக் கேட்கிறேன்.

நீங்கள் பெட்டியை வளவிலேயே வைத்துவிட்டு லீவு முடிந்து சென்னைக்குப் போன பிறகு, எட்டாம் நாள், தங்கள் வீட்டு டிரைவர் செம்மலை காரில் வந்து இறங்கினார். கையில் அந்தப் பெட்டி. "ஆச்சி குடுத்துட்டு வரச் சொன்னாக" என்றார். வேறு ஏதாவது சொன்னார்களா என்று கேட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு, "பழசெல்லாம் எங்க வீட்டுலயே நெறையாக் கெடக்குன்னு சொல்லச் சொன்னாக ஐயா" என்றார். கொடுத்த சாமான் திரும்பி வந்த வீடு என்று எங்கள் பக்கத்தில் இதுவரை ஒரு வீடும் கிடையாது. தேனம்மை அன்று அடுப்பு மூட்டவில்லை. செம்மலைக்கு மட்டும் காபி போட்டுக் கொடுத்தாள், அதிலும் சர்க்கரை இல்லை.

நான் பாசிலிடம் போய் நியாயம் கேட்டேன். முழுசாகத் திறந்து கொடுத்தது தப்பா என்று கேட்டேன். அவர் கல்லாவை விட்டு எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, அந்தப் பூட்டை ஒவ்வொண்ணாத் தொறக்குறதுதான் ஆட்டமே. நீங்க விருந்து பூராத்தையும் சாப்புட்டுட்டு மாப்பிள்ளைக்கு எலையை மட்டும் அனுப்பிருக்கீக" என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. குறை என்று நோட்டில் முதலில் எழுதினேனே, அதுதான் அந்த விளையாட்டின் ருசியே. தங்கள் ஆசையை நான் இரண்டு மாதம் உட்கார்ந்து தின்று தீர்த்திருக்கிறேன்.

ஆகவே இன்று காலை நல்ல நேரம் பார்த்து எல்லாவற்றையும் அழித்துவிட்டேன். எப்படி அழிப்பது என்று பாசில்தான் சொல்லிக் கொடுத்தார். 'நிச்சயமாகவா?' என்று அது இரண்டு தடவை கேட்கிறது. முதல் தடவை அமுக்கிவிட்டேன். இரண்டாவது தடவை கண்ணை மூடிக்கொண்டு அமுக்கினேன். விவசாயியும் முதல் பன்னிரண்டில் இல்லாதவன், அவனும் கருப்பு நிழலாகிப் பூட்டுக்குள் போனான். தேனம்மை முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுக்களைக்குப் போய்விட்டாள். நான் சோபாவிலேயே உட்கார்ந்து அவன் நின்ற கட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன், மறைப்பானேன். இப்போது பன்னிரண்டு பேர் மட்டும் நிற்கிறார்கள், மீதி முப்பத்தாறு பூட்டும் கன்னி கழியாமல் இருக்கிறது. பெட்டியைத் துடைத்து, வாங்கிய தேதி போட்ட பில்லை மேலே ஒட்டி, இக்கடிதத்தோடு பார்சலில் சென்னைக்கு அனுப்புகிறேன். இனி என் ஆயுளில் அந்தக் கன்ட்ரோலரைத் தொடமாட்டேன், தேனம்மையும் தொடமாட்டாள், அவளுக்கும் சேர்த்து நானே வாக்குக் கொடுக்கிறேன். ஒவ்வொருவராகத் திறந்து நீண்ட நாள் அனுபவியுங்கள். சௌபர்ணிகாவிடம் இதைப் பற்றிக் கோபமாக ஒரு வார்த்தையும் பேச வேண்டாம், அவளுக்கு இதில் எந்தச் சம்பந்தமும் இல்லை. தீபாவளிக்கு இருபத்து நான்கு நாள் இருக்கிறது. இருவரும் வந்து இந்த வீட்டில் எண்ணெய் தேய்த்துக் குளித்தால் அதுவே எனக்குப் போதும்.

சிகப்பி ஆச்சி அவர்களுக்கு எங்கள் பணிவான வணக்கத்தைத் தெரிவிக்கவும். தாங்களும் மகளும் எல்லா வளமும் பெற்று, பிள்ளை குட்டிகளோடு நீடூழி வாழ எங்கள் இருவரின் ஆசீர்வாதம்.

தங்கள் அன்புள்ள மாமனார்,
சத்தியமூர்த்தி

பின்குறிப்பு: உறையை ஒட்டப் பசையை எடுத்த நேரத்தில் சௌபர்ணிகா போன் செய்தாள். இந்தத் தடவை சட்டென்று வைக்கவில்லை. நீங்கள் கோபமாகவே இல்லையாம். "அவுக அன்னிக்கி சந்தோஷத்துலதான் கத்துனாக அப்பச்சி. அப்பறம் பார்த்தா அதுல ஒங்க பேரு இருந்துச்சாம். ஆபீஸ்ல எல்லார்ட்டயும் எங்க மாமனார் முப்பத்தாறையும் தொறந்து குடுத்துருக்காகன்னு சொல்லிக்கிட்டுத் திரியிறாக. அவுக கூட்டாளிக நாலு மாசமா ஆடியும் அந்த வெவசாயியை வச்சுப் பத்து ஆட்டம் ஒருத்தரும் ஜெயிக்கலையாம். ஒவ்வொண்ணா ஒக்காந்து தொறக்க அவுகளுக்கு எங்க நேரம் இருக்கு?" என்றாள். பெட்டியை ஆச்சி திருப்பி அனுப்பியதே உங்களுக்குப் போன வாரம்தான் தெரியுமாம், அந்த வெட்கத்தில்தான் போன் செய்யவில்லையாம். அதற்கு முன்னால் ஏன் செய்யவில்லை என்று கேட்டேன். "மாமாட்ட என்ன பேசுறதுன்னு தெரியலைன்னாக அப்பச்சி" என்றாள்.

மாப்பிள்ளை, எனக்கும் தங்களிடம் என்ன பேசுவது என்று தெரியாமல்தான் இருந்தது. இனி இருவருக்கும் அந்தக் கஷ்டம் இல்லை. ஆனால் நான் எல்லாவற்றையும் அழித்து நான்கு மணி நேரம் ஆகிறது. இத்தனை பக்கம் எழுதிய கடிதத்தைக் கிழிக்க மனமில்லாததால் அனுப்புகிறேன், மேலே கொடுத்த வாக்கை மட்டும் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். பெட்டி பார்சலில் வராது. தேனம்மை ஏற்கனவே டிவியைப் போட்டுவிட்டு, "எழுதுனது போதும், வாங்க" என்று கூப்பிடுகிறாள். தீபாவளிக்கு முந்தின நாள் வந்தால் போதும், அதற்கு முன்னால் தயவுசெய்து வர வேண்டாம். முப்பத்தைந்தை நாங்கள் திறந்து வைக்கிறோம், விவசாயியை வைத்துத் திறக்கிற அந்தக் கடைசிப் பூட்டை மட்டும் உங்களுக்காக விட்டு வைக்கிறேன், பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித் தருகிறேன். அதே பெட்டியை நான் மறுபடியும் பழசாக்கிக்கொண்டிருக்கிற விஷயம் உங்கள் தாயாருக்குத் தெரிய வேண்டாம்.